குளிரின் விலையைக் கொடுப்பவர் யார்?

யாழ்ப்பாண நகரின் பெருந்தெருக்களில் இன்று எழுகின்ற வாணிபக் கட்டிடங்களுட் பல, மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி முகத்தைக் காட்டி நிற்கின்றன. அவற்றின் யன்னல்கள் திறவா. பட்டப்பகலில் உள்ளே மின்விளக்கு எரிகின்றது. குளிரூட்டி 18 பாகையில் இரைகின்றது. கணக்கெழுதும் பெண்பிள்ளை தோளைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். வெளியே சோளகம் வீணே வீசிக்கொண்டிருக்கிறது. கடைகள் மாத்திரமல்ல, கந்தோர்களும் வங்கிகளும் திருமண மண்டபங்களும் இதே வழியிற் செல்லத் தலைப்பட்டுவிட்டன.

கட்டிடம் கட்டுவோன் தன் பணத்தைத் தான் செலவிடுகிறான், இதிற் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயின், அந்தக் குளிரின் விலை முழுவதையும் கட்டிடச் சொந்தக்காரர்தாம் கொடுக்கிறாரா? இல்லை என்பதே நமது துணிபு. அதனை நிறுவுவது நம் கடன்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. எண்ணெயும் நிலக்கரியும் வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இருக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்த்தப்பட்டது; 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏற்றப்பட்டது. பின்னர் கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. மின்கட்டணம் உயர்ந்த அதே ஓகஸ்ட் மாதத்திலேதான் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த வலிகாமத்துக் கமக்காரன் அந்த ஆண்டு பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நகரத்துக் குளிரூட்டியை ஓட்டும் எண்ணெயும், தோட்டத்துக் கிணற்றில் நீர் இறைக்கும் எண்ணெயும் ஒரே கடல் கடந்து வருவன. ஒரே டொலர்ப் பையிலிருந்து வாங்கப்படுவன. ஒருவன் வீணே செலவழித்தால் மற்றவனுக்குத் தட்டுப்பாடு வந்தே தீரும்.

விலை இன்னொரு வழியாலும் கொடுக்கப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் எரித்தே இங்கு மின்சாரம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாறு சுன்னாகத்தில் இயங்கிய தனியார் மின்னிலையமொன்றினால் நிலத்தடி நீர் மாசடைந்தமை குறித்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. வற்றாத ஆறொன்றும் இல்லாத இக்குடாநாட்டில் கிணறுதான் ஆறு, கிணறுதான் குளம். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய எண்ணெயைத் தீர்ப்பொன்றினால் வெளியே எடுத்துவிட முடியுமா? மின்சாரம் எங்கோ பிறந்து கம்பி வழியே வருகிறது, அதன் பிறப்போடு நமக்குத் தொடர்பில்லை என்று கூறும் உரிமை, வேறெவருக்கு இருந்தாலும், சுன்னாகத்தின் அயலவர்களாகிய நமக்கு இல்லை.

குளிரூட்டியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மருந்துச் சாலைக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் கணினி அறைக்கும் அது வேண்டும். கோடையின் கொடுமை ஆண்டுக்காண்டு மிகுவதையும் நாம் அறிவோம். நாம் எதிர்ப்பது, வெயிலை முதலில் உள்ளே அழைத்து, பின்னர் அதனை வெளியேற்ற மின்சாரத்துக்குக் கூலி கொடுக்கும் அறியாமையை.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். ஆதலின் கட்டிடத்துக்குள் வெப்பம் பெரிதும் புகுவது கூரை வழியாகவும் கிழக்கு மேற்குச் சுவர்கள் வழியாகவுமே. வடக்குத் தெற்கு முகங்களை அளவான தாழ்வாரமே காத்துவிடும். மேற்கு முகத்திற் படும் சாய்வெயிலைத் தாழ்வாரம் தடுக்கமாட்டாது; அங்கே கண்ணாடியை வைப்பது அடுப்புக்கு வாயில் வைப்பது போன்றது. நம் முன்னோர் இதனை ஏட்டிற் படித்தறிந்தாரல்லர். சோளகம் எப்பொழுது வரும், வாடை எப்பொழுது திரும்பும் என்பதைக் கமத்தொழிலிற் கற்றவர்கள், முற்றத்தை நடுவே விட்டு நாற்சார் வீடு கட்டினர். கூரையைத் தாழ இறக்கித் திண்ணைக்கு நிழல் தந்தனர். பழைய கடைத்தெருக்களிலும் கடைக்கு முன்னே விறாந்தை வைத்தனர்.

அது மண்வீட்டுக் காலத்துக் கதை, மாடிக் கட்டிடத்துக்கு ஒவ்வாது என்பார்க்குக் கொழும்பிலேயே விடையிருக்கிறது. கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் அரச ஈட்டு வங்கிக்கென ஹைட் பார்க் முனையில் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றை வரைந்தார். குளிரூட்டியை நம்பாது, காற்று வரும் திசையையும் வெயில் விழும் திசையையும் நோக்கி அது அமைக்கப்பட்டது. மழைநீர் புகாமற் காற்று மாத்திரம் புகும் வழிகளும் யன்னல்களோடு இணைக்கப்பட்டன. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாட்டில் செய்து காட்டப்பட்ட ஒன்றை, இன்று நாம் ஏன் செய்யமாட்டோம்?

இனிக் கட்டப்போகும் கட்டிடங்கள் ஒருபுறமிருக்க, கட்டி முடிந்தவற்றின் சொந்தக்காரர்கள் நாளையே செய்யத்தக்கனவும் உள. மின்பட்டியலை எடுத்து வாசித்துப் பாருங்கள். பெருங் கட்டிடங்களுக்கு இரண்டு வகையாகப் பணம் அறவிடப்படுகிறது: செலவிட்ட அலகுகளுக்கு ஒன்று, அந்த மாதத்தில் ஒரே வேளையில் இழுத்த மிகக்கூடிய மின்வலுவுக்கு மற்றொன்று. காலையில் கதவு திறந்ததும் எல்லாக் குளிரூட்டிகளையும் ஒருங்கே ஏவிவிட்டால், அந்தச் சில நிமிட நேரத்து இழுவைக்கு மாதம் முழுவதற்கும் தண்டம் இறுக்க நேரும். ஒன்றன்பின் ஒன்றாக ஏவுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சவேளை விலை என்பதைத் திருமண மண்டபத்தார் நினைவிற் கொள்ளல் நன்று.

1,000 வோட் இழுக்கும் குளிரூட்டி நாளுக்குப் பத்து மணி நேரமாக, மாதம் 26 நாள் இடைவிடாது ஓடினால் 260 அலகு ஆகும். 70 வோட் மின்விசிறி அதே நேரம் சுழன்றால் 18 அலகுதான். விசிறியைச் சுழலவிட்டுக் குளிரூட்டியை 26 பாகையில் வைத்தால் உடல் அதே இதத்தை உணரும். ஒரு பாகை உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்பது இந்தியாவின் வலுத்திறன் பணியகத்தின் கணக்கு. அந்நாட்டில் விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே இயங்கத் தொடங்கவேண்டும் என 2020 முதல் விதியும் உண்டு. கூரைக்கு வெள்ளை பூசுதல், வடிதட்டைக் கழுவுதல், கதவிடுக்கை அடைத்தல் ஆகியவை சிறு செலவிற் பெரும் பயன் தருவன.

உடையைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானில் 2005ஆம் ஆண்டு, அரச கந்தோர்களிற் குளிரூட்டியை 28 பாகையில் வைத்து, அலுவலர்கள் மேலங்கியையும் கழுத்துப்பட்டியையும் களையலாம் என அறிவித்தனர். அந்நாட்டின் மானம் அதனாற் போய்விடவில்லை. குளிர்நாட்டான் விட்டுச்சென்ற கறுப்புக் கோட்டுக்குள் வேர்வையில் ஊறிக்கொண்டு, குளிர் போதாதென்று முறையிடும் தொழிலினருள் நாமும் அடக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். சீர்திருத்தம் நம்மிலிருந்தும் தொடங்கட்டும்.

இறுதியாக, அதிகாரம் பற்றிய கேள்வி. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. கட்டிடங்களின் சுவர், கூரை, விளக்கு, குளிரூட்டி ஆகியவை எவ்வாறு அமையவேண்டும் எனக் கூறும் நெறிக்கோவையும் உண்டு. அறைக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே வலியுறுத்திற்று. சட்டத்துக்குக் குறைவில்லை. கட்டிட வரைபடம் அங்கீகாரத்துக்காக வந்து சேரும் மேசை எங்கே இருக்கிறது? மாநகர சபையிலும் நகர சபையிலும் பிரதேச சபையிலும் இருக்கிறது. அச்சபைகள் பலவற்றை 2025 மே 6ஆம் நாள் வடக்குக் கிழக்கு மக்கள் தமிழ்க் கட்சிகளின் கையில் ஒப்படைத்தனர்.

நம்மை நாமே ஆளும் அதிகாரத்தை நாம் முக்கால் நூற்றாண்டாகக் கேட்டு வருகிறோம். அக்கோரிக்கையில் ஓர் எழுத்தையும் நாம் விட்டுக்கொடோம். ஆனால், கேட்கும் அதிகாரம் வரும்வரை கையிலுள்ள அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடுபவனை உலகம் நம்புமா? பெரிய வாணிபக் கட்டிடம் ஒவ்வொன்றின் வரைபடத்திலும், மேற்கு வெயிலுக்கு என்ன மறைப்பு, எத்தனை யன்னல் திறக்கும், கூரையின் வெப்பத்துக்கு என்ன வழி என்ற மூன்று வினாக்களுக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். விடையில்லாத வரைபடம் திருப்பி அனுப்பப்பட வேண்டும். சபைகள் தம் சொந்தக் கந்தோர்களின் மின்பட்டியலை மாதந்தோறும் வாயிலில் ஒட்டி, முதலில் தாமே கணக்குக் காட்டவேண்டும். இதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டுவதில்லை. புதிய அரசியல் யாப்பும் வேண்டுவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற் பிரேரணை கொண்டுவர ஓர் உறுப்பினர் எழுந்தாற் போதும். எந்தச் சபையில் அவர் முதலில் எழுகிறார் என்பதை நாம் காத்திருந்து பார்ப்போம்.