பொய்யெல்லாம் ‘லை’ ஆகுமா?

‘லை’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் தொடக்கநிலை மாணவர்கூட ‘பொய்’ என்று சொல்லிவிடுவார். விடை சரிதான். ஆனால், அதைத் திருப்பிப் போட்டு, பொய் என்று நாம் சொல்வதெல்லாம் ‘லை’தான் என்று எண்ணும்போது சிக்கல் தொடங்குகிறது.

‘லை’ என்பது வெறும் தவறான தகவல் அல்ல. தான் சொல்வது உண்மையில்லை என்று சொல்பவருக்குத் தெரியும். தெரிந்தும் பிறரை நம்பவைக்கச் சொல்கிறார். ஆகவே, அச்சொல் ஒருவர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சக உறுப்பினர் பொய் சொன்னார் என்று கூற அனுமதியில்லை. 2021 ஜூலையில், பிரதமர் போரிஸ் ஜான்சன் பொய் சொன்னதாகப் பேசிய டான் பட்லர், அதை மீட்டுக்கொள்ள மறுத்ததால் அவையைவிட்டு வெளியேற்றப்பட்டார். ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லோ செய்தியை மட்டும் எடைபோடுகிறது. சொன்னவரின் மனத்துக்குள் அது நுழைவதில்லை.

நம் ‘பொய்’ இரண்டையும் சுமக்கிறது. பொய்க்கால் குதிரை ஆடுபவர் யாரையும் ஏமாற்றவில்லை. பருவமழை பொய்த்தது என்கிறோம். எதிர்பார்த்த மழை வரவில்லை, அவ்வளவுதான். இதைத் தமிழின் குறையாக நான் கருதவில்லை. தெரிந்தே சொல்வதைச் சுட்டப் புளுகு, புரட்டு என்று தனிச்சொற்கள் இருக்கவே இருக்கின்றன. (ஆங்கிலமும் ஊருக்கு ஊர் மாறும். சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமல் வீறாப்புக் காட்டுவதுதான் ‘பிளஃப்’. சிங்கப்பூர்ப் பள்ளி உணவகத்தில் அதற்குச் சாதாரணப் பொய் என்றே பொருள்.)

சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டு பொஃப்மா சட்டத்தைப் பாருங்கள். அதன் ஆங்கிலத் தலைப்பில் உள்ள சொல் ‘ஃபால்ஸ்ஹுட்’, ‘லை’ அல்ல. தகவல் தவறானது என்று அறியாமல் வெளியிட்டவருக்கும் திருத்த உத்தரவு பிறப்பிக்கலாம். ஆனால், அது குற்றமாக வேண்டுமானால், அவர் அறிந்தோ அறியக் காரணம் இருந்தோ பரப்பியிருக்க வேண்டும். அதனால் பொதுநலனுக்குக் கேடு விளையும் சாத்தியமும் இருக்க வேண்டும். இரண்டையும் தமிழில் ‘பொய் பரப்பினார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், திருத்த உத்தரவு பெற்ற எல்லாரும் பொய்யர்களாகிவிடுவார்கள்.

வீட்டிலும் இதுதான் நடக்கிறது. விடியற்காலையில் பெரியம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மருத்துவக் குறிப்பை அனுப்புகிறார். நம்பித்தான் அனுப்புகிறார், பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டுமே என்ற அக்கறை. ஆங்கிலத்தில் யோசித்துப் பழகிய நாம் ‘இது பொய்’ என்று இரண்டே சொல்லில் பதில் போடுகிறோம். நாம் குறிப்பைச் சொன்னோம்; அவருக்கோ ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள்’ என்று கேட்கிறது. அன்று முழுவதும் குழுவில் யாரும் பேசுவதில்லை.

வங்கி அதிகாரி என்று சொல்லிப் பணம் பறிக்க அழைப்பவரின் பேச்சைத் ‘தவறான தகவல்’ என்று மென்மையாகச் சொல்லத் தேவையில்லை. அது பச்சைப் பொய். பெரியம்மாவுக்கு, ‘இது உண்மையில்லையாம் பெரியம்மா’ என்று எழுதலாம். ‘அப்படியா, எங்கே பார்த்தாய்?’ என்று கேட்பார். சுகாதார அமைச்சின் இணையப்பக்கத்தை அப்போது அனுப்பினால், திறந்து படிப்பார்.