லோகநாதன் யாருடைய பாடகர்?

சில ஆண்டுகளுக்கு முன்பு மலாக்காவில் ஓர் இலக்கியக் கூட்டம். மலேசியத் தமிழரின் கலைப் பங்களிப்பு என்பது தலைப்பு. பேசிய பெரியவர் ஒரு மணி நேரம் பெயர்களாக அடுக்கினார். கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். "ஐயா, இதுல லோகநாதன் ஆறுமுகம் பேர் இல்லையே?" அவருக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை. "அலிகேட்ஸ் லோகா" என்றேன். சிரித்துவிட்டார். "தம்பி, நல்லாத்தான் பாடுனாரு. நானும் கேட்டிருக்கேன். ஆனா மலாய்ப் பாட்டு பாடுனவர நாம எப்படிப்பா கணக்குல சேக்கிறது?"

அரங்கமும் சேர்ந்து சிரித்தது. அடுத்து கறிபாப்பும் தேநீரும். அவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் உடனடி பதில் இல்லை. இன்று இருக்கிறது.

இளைய வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள். 1960களின் இறுதியில் அங்கே ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். ஹாங்காங் வரை போய் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்கள் பாடிப் பிழைத்தார்கள். 70களின் பிற்பகுதியில் மலாய்ப் பாடல்களுக்கு வந்தார்கள். பிறகு நடந்தது இந்த நாட்டின் இசை வரலாறு. 'ஹிங்கா அக்கிர் நந்தி', 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புய்சி', 'செஞ்யும்லா கோலாலம்பூர்' என்று தலைமுறை தாண்டி நிற்கும் பாட்டுகள். பெரிய சுருள்முடி, தளர்ந்த கால்சட்டை, கறுத்த முகங்கள். எந்த மலாய்க் கல்யாண வீட்டிலும் இன்றைக்கும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து இவர்கள் பாட்டைப் பாடுவார். டேவிட் பின்னாளில் டத்தோ ஆனார். லோகா 2007 ஜூன் மாதம் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

நான் பெம்பானில் வளர்ந்தவன். ஜாசினுக்குப் பக்கம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் எங்களுடையது. என் மாமா லயத்தில் பிறந்து, பதினாறு வயதில் பால்வெட்டப் போய், பிறகு பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய பழைய புகைப்படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மாரியம்மன் கோயில் திருவிழா. எல்லாரும் படிய எண்ணெய் வைத்துச் சீவியிருக்கிறார்கள். மாமா மட்டும் தலையில் கூடை கவிழ்த்ததுபோல் முடி வளர்த்து நிற்கிறார். தாத்தா அடித்தாராம். மாமா வெட்டவில்லை. "அலிகேட்ஸ் முடிடா அது" என்பார் பின்னாளில், வழுக்கையைத் தடவிக்கொண்டே.

அவரிடம் ஒரு காலணிப் பெட்டி நிறைய கேசட்டுகள் இருந்தன. டி.எம்.எஸ்., இளையராஜா, அலிகேட்ஸ். அவருக்கு இவற்றுக்குள் சண்டையே கிடையாது. சண்டை நமக்குத்தான், படித்தவர்களுக்கு.

லோகாவின் குரலைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். அது மெலிந்து உயரும் குரல். சொல்லின் கடைசி எழுத்தில் கொஞ்சம் தயங்கி, அப்புறம் விட்டுவிடும். காதல் தோல்வியைப் பாடும்போது கெஞ்சாது. இந்தப் பாணி எங்கிருந்து வந்தது? அதில் நம் ஒப்பாரி கேட்கிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும், ஆனால் அது பொய். என் காதுக்கு அது அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையிலிருந்து வந்தது. அந்த முடியும் அங்கிருந்துதான் வந்தது. என் மாமாவின் முடி உட்பட.

சோல் என்பது என்ன? தேவாலயத்தில் கடவுளை நோக்கிப் பாடிய கோஸ்பல் பாட்டின் மூச்சை எடுத்து, காதலுக்கும் கோபத்துக்கும் மாற்றியது. 1954இல் ரே சார்ல்ஸ் அதைச் செய்தபோது பக்தர்களுக்குப் பொறுக்கவில்லை. சாம் குக்கின் கதை இன்னும் கடுமையானது. 1931இல் மிசிசிப்பியில் பிறந்த பாதிரியார் மகன். 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற கோஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகர். 1956இல் முதல் முறையாகக் காதல் பாட்டுப் பாடியபோது சொந்தப் பெயரைப் போடும் துணிச்சல் இல்லை. 'டேல் குக்' என்று பெயரை மாற்றி வெளியிட்டார். குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு சொந்தப் பெயரிலேயே பாடி நாட்டின் முதலிடப் பாடலைக் கொடுத்தார். கோஸ்பல் ரசிகர்களில் பலர் அவரை மன்னிக்கவில்லை. அவர்களுக்கு அவர் கடவுளை விட்டு வெள்ளையர் சந்தைக்குப் போனவர்.

அந்தத் 'துரோகி'தான் 1963இல் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் வெள்ளையர் விடுதி ஒன்று இடம் மறுத்தபோது சண்டை பிடித்துக் கைதானவர். சில மாதங்களில், 1964 ஜனவரியில், 'எ சேஞ்ச் இஸ் கோனா கம்' என்ற பாடலைப் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் விடுதி ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். வயது 33. கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் அந்தப் பாட்டைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. தேவாலயத்திற்குள்ளேயே இருந்திருந்தால் அந்தப் பாட்டு இத்தனை பேரை எட்டியிருக்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்கள் எல்லாரும் பாடியது ஆங்கிலத்தில். தங்கள் முன்னோரைச் சங்கிலியில் கட்டி இழுத்து வந்தவனின் மொழி. அதனால் அது கறுப்பர்களின் இசை இல்லை என்று உலகத்தில் எவனாவது சொல்கிறானா?

இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் நான் ஏமாற்றுக்காரன். கறுப்பர்களிடமிருந்து மொழி பிடுங்கப்பட்டது. நம்மிடம் நம் மொழி இருக்கிறது. தோட்டம் தோட்டமாக மூடியும், தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தும், பிடிவாதமாக வைத்திருக்கிறோம். மிஞ்சியது மொழி ஒன்றுதான். அதை விட்டுப் போனவரைக் கொண்டாடினால் மொழியைக் காத்தவனுக்கு என்ன மரியாதை?

நியாயமான கேள்வி. நானும் தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். லோகா தமிழில் பாட வந்திருந்தால் 70களில் நாம் அவருக்கு என்ன வேலை கொடுத்திருப்போம்? திருவிழா மேடையில் "அப்படியே டி.எம்.எஸ். மாதிரியே பாடுறான்பா" என்று சொல்லியிருப்போம். அதுதான் நம் அகராதியில் உச்சபட்சப் பாராட்டு. மாதிரியே. எம்.ஜி.ஆர். மாதிரியே, சிவாஜி மாதிரியே. நம் வீட்டில் நகலுக்கு நாற்காலி உண்டு. அசலாக வந்தவன் வாசலில் நிற்க வேண்டும். அவர் மலாயில் பாடியபோது யாருடைய மாதிரியும் இல்லை. எம். நாசிர் போன்ற ஓர் இசையமைப்பாளர் அவருடைய குரலை மனதில் வைத்து மெட்டுப் போடும் இடம் அங்கே இருந்தது. இங்கே இல்லை. ஆகவே மொழியை விட்டுப் போனவர் என்று அவரைச் சொல்வதற்கு முன்னால், அந்த மொழியில் நாம் அவருக்கு என்ன வைத்திருந்தோம் என்று சொல்லுங்கள்.

சரி, அசலாகத் தமிழில் செய்தவர்களையாவது கொண்டாடினோமா? யோகி பி 'பொய்டிக் அம்மோ' குழுவில் ராப் பாடித் திரிந்தபோது நம் பெரியவர்களுக்கு அது குப்பை. 2006இல் 'வல்லவன்' வந்தது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. கோடம்பாக்கம் முத்திரை குத்தியதும் "நம்ம பையன்" ஆகிவிட்டார். ஆக, பிரச்சினை மலாயும் இல்லை, தமிழும் இல்லை. நம் காதை நாமே நம்புவதில்லை. யாராவது மெட்ராஸிலிருந்து சொல்ல வேண்டும்.

இதே மறதியால் எல். கிருஷ்ணனையும் இழந்தோம். மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1950இல் 'பக்தி' படத்தை இயக்கி பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர். மலாய் சினிமாவின் அடித்தளத்தில் நம் ஆள் ஒருவர் நிற்கிறார். எத்தனை பேருக்குத் தெரியும்? நான் படித்த தோட்டப்புறக் கதைகளில் தண்டல் வருகிறார், கிராணி வருகிறார், கள்ளுக்கடை வருகிறது. மாலையில் வானொலி பாடும். எப்போதும் தமிழ்ச் சினிமாப் பாட்டுதான் பாடும். என் மாமாவின் காலணிப் பெட்டி எந்தக் கதையிலும் இல்லை. நம் எழுத்தாளர்களுக்கு நம் வாழ்க்கையைவிட நம் வாழ்க்கை எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதில்தான் அக்கறை.

இதைப் படித்துவிட்டு, "ஆகா, முஹிப்பா! ஒற்றுமை!" என்று குதிப்பவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. தேசிய தினத்துக்குத் தேசிய தினம் அலிகேட்ஸ் பாட்டைப் போட்டு, பார், இனம் பார்க்காத நாடு என்று காட்டுவது சுலபம். இரண்டு தமிழர்களின் குரலை வைத்து மற்ற எல்லாத் தமிழர்களின் கேள்விகளையும் வாயடைக்கலாம். கறுப்பர்களின் பாட்டுக்கு ஆடிவிட்டு, கறுப்பர்களுக்கு அறை கொடுக்காத அமெரிக்காவும் அப்படித்தான் இருந்தது. லோகா அரசாங்கச் சுவரொட்டிக்குச் சொந்தமானவர் இல்லை. நம் கூட்டத்தின் பட்டியலுக்கு மட்டும் சொந்தமானவரும் இல்லை. ஆனால் அவரைப் பற்றித் தமிழில் எழுதும் கடமை தமிழ் எழுதுகிறவனுக்கு இருக்கிறது. அதை வேறு யார் செய்வார்கள்?

இது செத்துப்போன ஒருவருக்கு மாலை போடும் விஷயம் மட்டும் இல்லை. போன வருடம் எங்கள் பகுதியில் ஒரு கோயில் திருவிழா, கலை நிகழ்ச்சி. என் அக்கா மகள் இடைநிலைப்பள்ளியில் நன்றாகப் பாடுகிறவள். 'அண்டாய்ஞா அக்கு பெர்கி டூலு' பாடுகிறேன் என்று பெயர் கொடுத்தாள். நான் முதலில் போய்விட்டால் என்று அர்த்தம் வரும், அலிகேட்ஸ் பாட்டு. ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர், "கோயில்ல மலாய்ப் பாட்டா? வேணாம்மா, நல்ல தமிழ்ப் பாட்டா பாடு" என்றார். அவள் விலகிக்கொண்டாள். அவளுடைய பத்து நிமிடம் வேறு ஒரு குழுவுக்குப் போனது. அவர்கள் சினிமாக் குத்துப் பாட்டுக்கு ஆடினார்கள். அந்தப் பாட்டின் வரிகளை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முன்வரிசையில் பெரியவர்கள் தாளம் போட்டார்கள். தமிழ் காப்பாற்றப்பட்டது.

வீட்டுக்கு வந்து அவள் மாமாவுக்காக அந்தப் பாட்டைப் பாடினாள். மாமாவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "லோகா மாதிரி பாடாத. உன் மாதிரி பாடு."

அந்தக் கூட்டத்துப் பெரியவருக்கும் என் பதில் இதுதான் ஐயா. நீங்கள் கணக்கில் சேர்க்காதவரின் பாட்டைக் கேட்டு வளர்ந்த என் மாமாவுக்கு, நம் மேடைகள் இதுவரை கற்காத அந்த ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது.