வாரியத்தில் ஒரே ஒரு நாற்காலி

ஏலக்காய்க்கு மாநில எல்லை தெரியாது. இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலையில் விளைகிறது. கேரளத்தின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. காய் எடுக்கும் கைகளில் கணிசமானவை தேனி மாவட்டத்துக் கைகள். விடிவதற்குள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலையேறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுபவர்கள். இத்தனை பேரின் பிழைப்பையும் தொடுகிற அலுவலகம் திருவனந்தபுரத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, சென்னைக்கும் கட்டுப்பட்டதல்ல. கொச்சியில் தலைமையகம் கொண்ட நறுமணப் பொருள் வாரியம், அதாவது ஸ்பைசஸ் போர்டு, தில்லியின் வணிக அமைச்சகத்துக்குச் சொந்தம். எனவே அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் நாடாளுமன்றத்துக்கே.

அந்த உரிமை எவ்வளவு தூரம் மலையேறுகிறது என்பதுதான் விஷயம்.

1965-இல் ஏலக்காய்க்கென்று தனிச் சட்டம் வந்தது, தனி வாரியமும் அமைந்தது. 1986-இல் ஸ்பைசஸ் போர்டு சட்டம் நிறைவேறியது. ஏலக்காய் வாரியத்தையும் நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுவையும் இணைத்து 1987 பிப்ரவரி 26-இல் இப்போதைய வாரியம் பிறந்தது. சட்டத்தின் பட்டியலில் இருப்பது 52 நறுமணப் பொருட்கள். ஆனால் அனைத்தையும் வாரியம் ஒரே மாதிரி கவனிப்பதில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஏற்றுமதி மட்டுமே அதன் வேலை. நாற்று, மறுநடவு, சாகுபடி ஆலோசனை என்று தோட்டத்துக்குள்ளேயே நுழையும் முழுப் பொறுப்பு ஏலக்காய்க்குத்தான்.

விளைவு விசித்திரமானது. இடுக்கியில் ஏலத்தோட்டத்து நிழல் மரங்களிலேயே மிளகுக் கொடி படர்ந்திருக்கும். கீழே நிற்கும் ஏலச்செடிக்கு நோய் வந்தால் வாரிய அலுவலரைத் தேட வேண்டும். மேலே படர்ந்த கொடி வாடினால் மாநில அரசின் கிருஷி பவனுக்கு நடக்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதியில் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே தேயிலை, காப்பி, ஏலக்காய் மூன்றும் அடுத்தடுத்து விளைகின்றன. தேயிலைக்கு கொல்கத்தாவின் வாரியம், காப்பிக்கு பெங்களூரின் வாரியம், ஏலக்காய்க்கு கொச்சியின் வாரியம். மலை ஒன்று, அமைச்சகம் ஒன்று, கதவுகள் மட்டும் மூன்று.

இந்தக் கதவுகளையெல்லாம் தட்டிப் பார்க்கும் வேலை வணிகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுடையது. துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993-இல் 17 என்ற எண்ணிக்கையில் தொடங்கின. 2004-இல் 24 ஆயின. வணிகத் துறைக் குழு மாநிலங்களவையின் பொறுப்பில் இயங்குகிறது. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 உறுப்பினர்கள். பட்ஜெட் தாக்கலானதும் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைக் கையில் எடுக்கிறார்கள். எழுத்து மூலம் கேள்வி அனுப்புகிறார்கள், அதிகாரிகளை அழைத்து உட்கார வைக்கிறார்கள். எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எத்தனை இடம் காலி என்று கேட்கிறார்கள். அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் இன்னொரு அறிக்கை. இது போக, வாரியத்தின் கணக்குகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சரிபார்க்கிறார். ஆண்டறிக்கை இரு அவைகளின் மேசைக்கும் வருகிறது.

காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் குழுக்களின் விதியிலேயே ஒரு வேலி இருக்கிறது. அமைச்சகங்களின் அன்றாட நிர்வாக விவகாரங்களை அவை ஆராயக் கூடாது. பரிந்துரைகளும் ஆலோசனை அளவில்தான். அரசு ஏற்கலாம், காரணம் சொல்லித் தள்ளவும் செய்யலாம்.

பாதுகாப்புத் துறைக்கோ வெளியுறவுத் துறைக்கோ இந்த வேலி நியாயமானதாக இருக்கலாம். மலையில் வேலை பார்க்கும் ஒரு வாரியத்துக்குப் பொருந்துமா? அங்கே அன்றாட நிர்வாகம்தானே கொள்கை! கள அலுவலர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் நிரப்பப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். தில்லி அறிக்கையில் அது காலிப் பணியிடங்களில் ஒன்று. உடும்பன்சோலையில் அதன் கணக்கே வேறு.

ஏலம், பூச்சிமருந்து அதிகம் தெளிக்கப்படும் பயிர்களில் ஒன்று. ஏலப்பேன் ஒரு பக்கம், தண்டுத் துளைப்பான் இன்னொரு பக்கம். எந்த மருந்து, எந்த அளவு, காய் எடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று சொல்ல அலுவலர் வராவிட்டால், மருந்துக் கடைக்காரரே விஞ்ஞானி ஆகிவிடுகிறார். அவர் விற்க வேண்டியதைத்தான் சொல்வார். மயிலாடும்பாறையில் 1978 முதல் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தெரிந்தது பத்து கிலோமீட்டர் தள்ளியுள்ள தோட்டத்துக்குப் போய்ச் சேர நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் மருந்து காயோடு காயாகக் கப்பலேறுகிறது. அந்நியத் துறைமுகத்தில் பரிசோதனையில் சிக்குகிறது. சரக்கு திரும்பினால் விலை விழுகிறது.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் பிரபல இந்திய மசாலாக்கள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக நடவடிக்கை எடுத்தபோது தேசமே பரபரத்தது. அந்த இரு இடங்களுக்கும் போகும் சரக்குக்கு முன்கூட்டியே பரிசோதனையை வாரியம் கட்டாயமாக்கியது. சரியான நடவடிக்கைதான். ஆனால் துறைமுகத்துப் பரிசோதனைக்கூடம் கடைசிக் கதவு. தோட்டத்தில் நிற்கும் அலுவலரே முதல் கதவு.

விலையும் அப்படித்தான். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2018 வெள்ளமும் அடுத்த ஆண்டின் வறட்சியும் விளைச்சலை விழுங்கியதால் வந்த விலை அது. விற்கக் காய் இருந்தவர்கள் சிலரே. 2022-இல் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள் என்று விவசாயிகள் முறையிட்டார்கள். ஏலம் நடத்துபவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் உரிமம் தருவது வாரியம். மின்னணு ஏலத்தை 2007-இல் கொண்டுவந்ததும் அதுதான். கணினித் திரை வந்ததால் கூவி ஏலம் கேட்ட காலத்தின் கண்ஜாடைகள் போயின. ஆனால் மூட்டைக்குள் இருப்பது யாருடைய காய் என்று திரை சொல்லாது. அதைப் பார்க்கவும் ஆள்தான் வேண்டும்.

இதையெல்லாம் வாரியத்துக்குள்ளேயே கேட்க வழி உண்டு என்று சொல்லலாம். வாரியத்தில் மொத்தம் 32 இடங்கள். மூன்று எம்.பி.க்கள் (மக்களவையிலிருந்து இருவர், மாநிலங்களவையிலிருந்து ஒருவர்), விவசாயிகளுக்கு ஏழு, ஏற்றுமதியாளர்களுக்குப் பத்து, மீதி பெரும்பாலும் அரசுகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும். தொழிலாளர் நலனுக்கு? ஒன்று.

பத்து ஏற்றுமதியாளர்களுக்கு எதிரே அந்த ஒரு நாற்காலி. அதுவும் இந்தியா முழுவதிலும் உள்ள நறுமணப் பயிர்த் தொழிலாளர்கள் அனைவருக்குமாக. காலையில் போடியிலிருந்து ஜீப் ஏறும் பெண் கேரளத்தில் வேலை செய்கிறார், தமிழ்நாட்டில் ஓட்டுப் போடுகிறார். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் கொண்ட தோட்டங்களையே கணக்கில் எடுத்துக்கொண்டது. ஏலமலையின் சிறு தோட்டங்களுக்குப் போனவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 2020-இல் கொரோனாவுக்காக எல்லை மூடப்பட்டபோது இவர்கள் எந்த அரசின் பொறுப்பு என்ற கேள்வி நடுச்சாலையில் நின்றது. மருந்து தெளித்த செடிக்குள் முதலில் கை விடுவதும் இவர்கள்தான். சிங்கப்பூர் சமையலறைக்கு ஆகாத விஷம் உடும்பன்சோலைக் கைகளுக்கு மட்டும் ஆகுமா என்று எந்த ஏற்றுமதி அறிக்கையும் கேட்பதில்லை.

2022 ஜனவரியில் வணிக அமைச்சகம் தேயிலை, காப்பி, ரப்பர், நறுமணப் பொருள் வாரியங்களின் பழைய சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய மசோதாக்களின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. காலத்துக்கு ஒவ்வாத விதிகளைக் களைவது நோக்கம் என்றது அரசு. வாரியங்களின் பிடி தளர்ந்தால் சிறு விவசாயி வியாபாரியிடம் தனியே விடப்படுவான் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். எந்தப் பக்கம் நியாயம் என்றாலும், சட்டத்தை மாற்றுவதால் காலி இடத்தில் ஆள் வந்து உட்காரப் போவதில்லை.

நிலைக்குழு புதிய அதிகாரம் எதையும் கேட்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால் போதும். அகில இந்திய அளவில் எத்தனை காலியிடம் என்பதற்குப் பதில், எந்தக் கள அலுவலகத்தில், எத்தனை மாதமாக, அந்த அலுவலர் எத்தனை தோட்டங்களைப் பார்க்க வேண்டியவர் என்று கேட்கலாம். ஓர் அதிகாரியின் பெயரும் வராத இந்தக் கேள்வியை அன்றாட நிர்வாகம் என்று யாரும் தள்ள முடியாது. குழு ஆய்வுப் பயணம் வரும்போது புற்றடி ஏலக்கூடத்தோடு திரும்பாமல் கம்பம்மெட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பார்க்கலாம். இடுக்கி, தேனி, நெல்லியாம்பதியை உள்ளடக்கிய ஆலத்தூர் என மூன்று தொகுதி எம்.பி.க்களும் கட்சியை மறந்து ஒரே மனுவைக் குழுவிடம் கொடுக்கலாம்.

எத்தனை டன், எத்தனை கோடி, எத்தனை டாலர் என்பதற்கு அமைச்சகத்திடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். கம்பம்மெட்டைப் பற்றிய கேள்விக்குத்தான் அது யாரையாவது மலைக்கு அனுப்பிப் பதில் தேட வேண்டியிருக்கும்.