காசு நுனிக்கு, அகலம் அடிக்கு



"கைடு வாங்காதே, பாடப்புத்தகத்தைப் படி" என்று முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவன், இன்று கைடு வாங்குவது எப்படி என்று எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது வேறு கைடு. தூண்டில் ராடில் வரிசையாகக் கட்டியிருக்கும் வளையங்களுக்கு அந்தப் பெயர். அவற்றுக்குள்தான் லைன் ஓடும். கைடு வேறானாலும் நோய் பழைய நோய்தான். யாரோ எழுதிவைத்த விடையை யோசிக்காமல் காப்பி அடிப்பது.

பாஸ்டனில் மகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் நானும் மாப்பிள்ளையும் பேஸ்மெண்டில் உட்கார்ந்து ராட் கட்டுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் வீசும் 11 அடி ஃப்ளை ராட். கேப் காட் கடற்கரையில் ஸ்ட்ரைப்பர் மீனுக்கு. போட்டோவைப் பார்த்த பழைய மாணவர் ஒருவர், தானும் ஒன்று கட்டப்போவதாகச் சொல்லி, வாங்க வேண்டிய கைடுகளின் பட்டியலை அனுப்பி, "சார், சரியா?" என்று கேட்டார். சரியில்லை. ஆற்று ராடுக்கான பட்டியல் அது, அடி முதல் நுனி வரை எல்லாமே சின்னச் சின்ன வளையம். இப்படிப்பட்ட பட்டியல்தான் பலர் கையிலும் சுற்றுகிறது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு முன்னால் பறந்து லைனை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் குண்டு கிடையாது. கொக்கியில் இறகும் மயிரும் கட்டிய பொய் இரை மட்டுமே. எடை லைனிலேயே இருக்கிறது. முன்பகுதி சுமார் 9 மீட்டருக்குத் தடித்த ஹெட். அதன் பின்னால் மெல்லிய ரன்னிங் லைன். இரண்டையும் சேர்ப்பது ஒரு கண்ணி. ஹெட் பறக்கும்போது, இடுப்புக் கூடையில் சுருண்டு கிடக்கும் ரன்னிங் லைன் துள்ளி எழுந்து கைடுகளின் வழியே பின்னாலேயே ஓட வேண்டும்.

ஆற்றில் அலை இல்லை. கடலில் அலை கூடைக்குள் தண்ணீரையும் மணலையும் கொட்டும். கேப் காட்டின் வெளிக்கரையில் 'மங்' என்று ஒரு பாசி இருக்கிறது. சில நாட்களில் லைன் முழுக்க அப்பிக்கொள்ளும். இந்தக் கோலத்தில் லைன் சுருள் சுருளாக எழுந்து வந்து முதல் வளையத்தில் மோதுகிறது. வளையம் அகலமாக இருந்தால் சுருள் விரிந்து ஓடிவிடும், சின்னச் சிக்கல்கூடத் தப்பித்துப் போகலாம். குறுகலாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கிணற்றுக் கப்பியில் கயிற்று முடிச்சு சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பெரிய கைடு எடை கூடும் சார், ராட் மந்தமாகிவிடும்" என்பதுதான் மறுபக்கத்தின் ஒரே வாதம். வகுப்பில் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைத் தட்டிவிடுவோம். நுனியில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டினால் அதிர்வு சட்டென்று மந்தமாகும். அதே உருண்டையை மேசையோரம் ஒட்டினால் வித்தியாசமே தெரியாது. சீரான பட்டைக்குக் கணக்குப் போட்டால், நடுவில் வைத்த 1 கிராம், நுனியில் வைத்த 1 கிராமின் பாதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கால்வாசி நீளத்தில் வைத்தால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நுனி நோக்கிக் கூம்பும் ராடில் அடிப்பகுதி இன்னும் குறைவாகவே வளையும்.

ஆகவே எடை பற்றிய பயம் நுனிக்கு நியாயம், அடிக்கு மூடநம்பிக்கை. எங்கே அகலம் தேவையோ அங்கே எடை கணக்கில் வருவதே இல்லை. இயற்கையே சலுகை கொடுத்திருக்கும்போது அதை வேண்டாம் என்று சொல்வானேன்?

நான் கட்டுவது இப்படி. அடியிலிருந்து 25, 20, 16 என்று மூன்று இரட்டைக்கால் செராமிக் வளையங்கள். பிறகு 12, 10. அதற்கு மேல் நுனி வரை ஒற்றைக்கால் வளையங்கள். ஒற்றைக்காலுக்கு நூல்கட்டும் எப்பாக்ஸியும் பாதிதான், எடையும் மிச்சம். நுனிக் கைடும் பெரிய வாயுள்ளதாக இருக்க வேண்டும். அடிக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று என்பது எண்ணிக்கைக்குப் பழைய கணக்கு. ஒன்று கவனியுங்கள்: பெட்டியில் போட்டிருக்கும் எண் பொதுவாக செராமிக் வளையத்தின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். லைன் போகும் துளை அதைவிடச் சிறியது.

அடுத்தது துரு. மலிவான குரோம் பூச்சுக் கைடில் ஒரு கீறல் போதும். உப்புத் தண்ணீர் நூல்கட்டுக்குள் புகுந்து காலை அரிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். டைட்டானியம் அரிக்காது, எடையும் குறைவு, ஆனால் விலை சுடும். அதனால்தான் சொல்கிறேன்: டைட்டானியத்தை நுனிப்பக்கம் போடுங்கள், அங்கே இரண்டு குணமும் வேலை செய்யும். அடியில் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவினால். முழு செட்டும் டைட்டானியம் வாங்குவது சௌகரியம் இருப்பவர்கள் விருப்பம். அடியில் அந்தக் காசு எடைக்காக வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு வாதமா?" என்று தங்கை கேட்பாள். பொழுது நமக்குப் போகிறது, உயிர் மீனுக்குப் போகிறது. மாசசூசெட்ஸில் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ஸ்ட்ரைப்பரில் ஒன்றைத்தான் ஒருவர் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் கடலுக்கே திரும்ப வேண்டும். பெரிய மீன் ஓடும்போது கண்ணி கைடில் சிக்கினால் முன்நரம்பு அறுந்துபோகும். வாயில் கொக்கியும் பின்னால் இழுபடும் நரம்புமாகப் போகிற மீனை நாம் "விட்டுவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ள முடியாது. ராடை அரைக் கிராம் இலேசாக்குவதற்கு அந்த மீன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

எனவே வீட்டுப்பாடம். பட்டியலை மூடிவையுங்கள். உங்கள் லைனையும் அதன் கண்ணியையும் எடுத்து, வாங்கப்போகும் மிகச் சிறிய கைடுக்குள் கையால் இழுத்துப் பாருங்கள். தட்டினால் அது உங்களுக்கான கைடு அல்ல. எப்பாக்ஸி பூசும் முன் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டால் கட்டி, லைனைக் கோத்து, ராடை வளைத்துப் பாருங்கள். வளைவோடு லைன் ஒட்டிப் போகாத இடத்தில் கைடை நகர்த்துங்கள். விடை ராடிலேயே இருக்கிறது.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். "எல்லோரும் இப்படித்தான் கட்டுகிறார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த பதிலுக்கு அன்றும் நான் மார்க் போட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்