தமிழ் மொழிக்கருவிகளும் தொடர் சோதனையும்

தமிழுக்கான சொல்திருத்திகளும் உருபனியல் பகுப்பாய்விகளும் பல உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றை உருவாக்கும் ஊக்கம், வழுவின்றிப் பேணுவதிலும் வேண்டும். அப்பேணுதலில் தமிழாய்வாளர்க்கும் நேரடிப் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மென்பொருள் துறையில் ‘தொடர் ஒருங்கிணைப்பு’ என்னும் நடைமுறை நிலைபெற்றுள்ளது. கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கிய ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ முறையின் கூறுகளுள் அதுவும் ஒன்று. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் பொதுக் களஞ்சியத்தில் உடனுக்குடன் சேர்க்கப்படும். சேரும்போதெல்லாம் சோதனைகள் தாமே இயங்கும். ஒரு சோதனை தவறினும் அம்மாற்றம் தடுத்து நிறுத்தப்படும். சோதனையில் தேறிய நிரலை எந்நேரமும் வெளியிடத்தக்க நிலையில் வைத்திருத்தல் ‘தொடர் வழங்கல்’ எனப்படும்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சந்திப்பிழை திருத்தி ஒன்று ‘பாட்டு போட்டி’ என்பதைத் திருத்தத் தவறுகிறது எனக் கொள்வோம். உகர ஈற்றின்பின் வல்லினம் மிகும் என நிரலாளர் ஒரு விதியைச் சேர்க்கிறார். ‘பாட்டுப்போட்டி’ அமைந்துவிடுகிறது, ஆனால் ‘ஊறுகாய்’, ‘ஊறுக்காய்’ ஆகிவிடுகிறது. வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின் மிகும் வல்லினம், வினைத்தொகையில் மிகாது என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்ததே. ‘ஊறுகாய்’ முன்னரே ஒரு சோதனையாக எழுதப்பட்டிருப்பின், அப்பிழை பயனரை அடைந்திராது.

எழுத்து நிலையிலும் இத்தகைய இடர் உண்டு. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக்குறி, கால் என்னும் இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இவ்விரண்டையும், இயல்பாக்கம் செய்யாத நிரல் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும்.

சோதனைகள் நம்பத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். காரணம் புலப்படாமல் ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனையை நாளடைவில் எவரும் பொருட்படுத்தார். எதிர்பார்க்கும் விடையே பிழையாயின், நிரலின் பிழையும் சரியென ஏற்கப்பட்டுவிடும். எனவே விடையை வகுப்பது இலக்கணப் புலமையுடையோர் பணியாகிறது.

நிரலாக்கம் அறியாதார் இதனை எங்ஙனம் செய்வர் எனச் சிலர் வினவலாம். சோதனைத் தரவு என்பது உள்ளீடும் உரிய விடையும் கொண்ட எளிய அட்டவணையே. விதியை அடுத்து எடுத்துக்காட்டும் புறனடையும் தரும் உரைமரபில் பயின்றோர்க்கு இது புதிதன்று.

ஆகவே, மொழிக்கருவியை முன்வைக்கும் ஆய்வேடுகளுடன் சோதனைத் தொகுப்பும் கட்டாயம் இணைக்கப்படல் வேண்டும். அத்தொகுப்பை உருவாக்குதலும் ஆய்வுப் பங்களிப்பாக மதிக்கப்படல் வேண்டும். ஆய்வாளர் பட்டம் பெற்றுச் சென்றபின், அக்கருவியைத் திருத்த முனைவோர்க்கு அதுவே வழிகாட்டும்.