டப்பா பழசு, மூளை புதுசு!

ராயபுரம் என்றதும் மெட்ராஸ் துறைமுகம், மீன் வாடை, பழைய ரயில்வே ஸ்டேஷன் என்று கற்பனையை ஓட்டாதீர்கள். இது திருப்பூர் ராயபுரம். இங்கே காற்றில் மிதப்பது பஞ்சு. காதில் விழுவது ஓவர்லாக் மெஷின் ஓடும் 'ர்ர்ர்ர்'. அந்த 'ர்ர்ர்ர்'ருக்கு நடுவே ஒரு மாடி வீட்டிலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் புல்லாங்குழல், வயலின், பியானோ, நாதஸ்வரம் எல்லாம் வரிசையாகக் கேட்கும். பெரிய ஆர்கெஸ்ட்ரா என்று எட்டிப் பார்த்தால் ஒரே ஒரு ஆள். முன்னால் ஒரு கீபோர்டு. பக்கத்தில் ஒரு பழைய வோல்டேஜ் ஸ்டெபிலைசர் டப்பா. அத்தனை வாத்தியமும் அந்த டப்பாவுக்குள்!

ஆசாமி நம் நண்பர். பகலில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் அனுப்பும் மெயிலுக்கெல்லாம் 'நாளைக்கு சாம்பிள் வந்துவிடும்' என்று பணிவாகப் பதில் போடுகிற உத்தியோகம். சனி, ஞாயிறு லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு. ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து வெளிநாட்டு கீபோர்டு வாங்க சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஸ்டெபிலைசரின் குடலை உருவிவிட்டு, உள்ளே ராஸ்பெர்ரி பை வைத்துத் தானே ஒரு சிந்தசைஸர் கட்டிவிட்டார்.

'பை' என்றதும் மஞ்சப்பை ஞாபகம் வேண்டாம். சீட்டுக்கட்டு அளவில், ஒரே அட்டையில் முழு கம்ப்யூட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் யோசித்து, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகள் வாங்கினார்களோ இல்லையோ, நம் நண்பரைப் போன்ற பெரிய பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதில் சிந்தசைஸர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 1967-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு சத்தத்தை இன்னொரு சத்தத்தால் படுவேகமாக ஆட்டினால் மணி, பித்தளை, பியானோ என்று புதுப்புது நாதம் பிறக்கும். யமஹா கம்பெனி அந்த உரிமையை வாங்கி 1983-ல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டாக விட, உலகமே வாங்கியது. நம் ஊரிலும் 1986-ல் 'புன்னகை மன்னன்' வந்தபோது இளையராஜாவின் கம்ப்யூட்டர் இசை என்றுதான் பேச்சு. ஒரு சமயத்தில் 16 ஸ்வரம் வாசிக்கும் அந்த டி.எக்ஸ்.7 மாதிரி எட்டு கீபோர்டை ஒரு ராஸ்பெர்ரி பைக்குள் உட்கார வைக்க 'மினிடெக்ஸ்டு' என்று ஒரு புரோகிராம் உண்டு. ஸ்பெயினில் ஆரம்பித்த 'ஜிந்தியன்' என்பது இன்னொன்று. ஒரு வாத்தியக் கடையையே உள்ளே வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம்.

இலவசம் என்றால் விடுவோமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். நண்பரின் டப்பாவில் இருந்தது 2019-ல் வந்த பை 4. 2023-ல் பை 5 வந்துவிட்டது. 1.5 ஜிகாஹெர்ட்ஸ் 2.4 ஆகிவிட்டது. இரண்டு, மூன்று மடங்கு வேகம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். நண்பருக்குத் தூக்கம் போய்விட்டது.

"புதுசு போட்டா சத்தம் இன்னும் நல்லா இருக்குமா தம்பி?" என்றேன்.

"இல்லீங்ணா. சத்தம் அதேதானுங்."

"அப்புறம் எதுக்கு?"

"லேட் ஆகாதுங்ணா!"

பி.காம். படித்தவனுக்கு இது புரியப் பத்து நிமிஷம் ஆனது. புரிந்ததைத் திருப்பூர் பாஷையில் சொல்கிறேன்.

கட்டிங்கில் வெட்டிய பீஸை ஒவ்வொன்றாகவா தையலுக்கு அனுப்புகிறார்கள்? பண்டல் கட்டி அனுப்புகிறார்கள். இந்த டப்பாவும் அப்படித்தான். ஒரு செகண்டுக்கு 48,000 துண்டு சத்தம் தயாரிக்கிறது. 256 துண்டு சேர்த்து ஒரு பண்டல் என்றால், ஒரு பண்டல் வாசிக்க 5.3 மில்லி செகண்ட். வரிசையில் எப்போதும் இரண்டு பண்டல் நிற்கும். ஆக, கட்டையை அமுக்கியதற்கும் காதில் விழுவதற்கும் சுமார் 10.7 மில்லி செகண்ட் இடைவெளி. ஒரு மில்லி செகண்டில் சத்தம் காற்றில் போகும் தூரம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், நீங்கள் வாசிப்பதை பன்னிரண்டு அடி தள்ளி நின்று கேட்கிற மாதிரி. மெலடிக்குப் பரவாயில்லை. குத்துப் பாட்டில் தபேலாக்காரர் திரும்பி முறைப்பார்.

பண்டலை 64 ஆகக் குறைத்தால் பன்னிரண்டு அடி மூன்று அடியாகிவிடும். குறைக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சின்னச் சின்னப் பண்டலாக வந்தால் கட்டிங் ஒரு நொடி தாமதித்தாலும் தையல் லைன் சும்மா உட்காரும். இங்கே லைன் சும்மா உட்கார்ந்தால் ஸ்பீக்கரில் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். பியானோவும் வயலினும் சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கினால் பை 4-க்கு மூச்சு வாங்குகிறது. கர்ரக்... கர்ரக்... அம்மன் பாட்டில் அப்படி வந்தால் அம்மனே எழுந்து போய்விடுவாள்.

நண்பர் புது அட்டையை வாங்கிவிட்டார். ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தும்விட்டார். அடுத்த வாரம் மாரியம்மன் கோவில் பொங்கல் கச்சேரி. அட்வான்ஸ் வாங்கியாச்சு. பாட்டு நடுவில் நின்றால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதோடு, அடுத்த வருஷம் அந்த மேடையில் வேறு ட்ரூப் ஏறிவிடும்.

அப்போதுதான் அவருடைய அப்பா உள்ளே வந்தார். முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் மெக்கானிக். டப்பாவைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஷிப்மெண்ட் வாரத்துல எவனாச்சும் மெஷினக் கழட்டுவானா?"

மகன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

அப்பா விடவில்லை. பவர்டேபிளில் கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு சர்வோ மோட்டார் போட்ட காலத்துக் கதையைச் சொன்னார். கிளட்ச் மோட்டார், டெய்லர் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே கரண்டைத் தின்னும். சர்வோ, பெடலை மிதித்தால்தான் ஓடும். டேபிள் அதே, மெஷின் தலை அதே, அடியில் மோட்டார் மட்டும் புதுசு. ஆனால் பெடலின் மிதி மாறிவிடும். எத்தனை வருஷத்து டெய்லராக இருந்தாலும் கால் பழக நாலு நாள் வேண்டும். "அந்த நாலு நாளக் கணக்குல சேக்காம மோட்டார் மாத்துன ஓனருங்க எல்லாம் ஏர்ல சரக்கு அனுப்புனாங்க" என்றார். கப்பலில் போக வேண்டிய சரக்கு லேட்டாகி விமானத்தில் போனால் லாபமும் அதே விமானத்தில் போய்விடும் என்பது திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும்.

நியாயம்தான். பை 4-லிருந்து 5-க்கு மாறுவது பல்பு மாற்றுகிற வேலை இல்லை. பழைய கார்டை அப்படியே சொருகினால் எழுந்திருக்காது. பை 5-க்கென்று வந்த புது சிஸ்டம் ஏற்ற வேண்டும். ஹெட்ஃபோன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள், தனியாக டி.ஏ.சி. அட்டை வைத்திருப்பவர் பிழைத்தார், 40 பின்கள் அதே இடத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பின்களைக் கவனித்துக்கொள்வது இப்போது ஆர்.பி.1 என்ற வேறொரு சிப். முன்பு நேராக உள்ளே போய் வேலை வாங்கிய பழைய புரோகிராம்களை இது வாசலிலேயே நிறுத்திவிடும். திருகுகிற குமிழ் எல்லாம் அழகுக்குத்தான் இருக்கும். கரண்டு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கிறது. பழைய 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யு.எஸ்.பி.யில் மாட்டிய சாமான்கள் அத்தனைக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர்தான் என்று ரேஷன் போட்டுவிடும். சூடும் கூட; ஃபேன் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நெட்வொர்க் ஓட்டையும் யு.எஸ்.பி. ஓட்டையும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டெபிலைசர் டப்பாவை மறுபடி அரம் போட்டு ராவ வேண்டும்!

அப்படியானால் கச்சேரிக்கு என்ன வழி? ஒரு பைசா செலவில்லாமல் பை 4-லேயே சில வேலை பார்த்தார். மிச்சம் பிடிக்கிறேன் என்று மூளை அவ்வப்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை எப்போதும் முழு வேகத்தில் ஓடும்படி வைத்தார். வை-ஃபை, புளூடூத்தை மூடினார். திரை ஓரத்தில் அடிக்கடி ஒரு மஞ்சள் மின்னல் படம் வருமாம். அது கரண்டு பற்றவில்லை என்று டப்பா விடும் கண்ணீர். செல்ஃபோன் சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒழுங்கான அடாப்டரை மாட்டினார். 80 டிகிரி சூட்டைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைக்கும் என்பதால் டப்பாவின் மூடியைக் கழற்றி வைத்தார். பியானோவும் வயலினும் சேர்ந்து வரும் இடங்களில் ஒன்றை விட்டார். பண்டல் 128. ஆறடி தூரம்.

கர்ரக் போய்விட்டது. முழுசாக அல்ல; ஆனால் ஊர்க்காரர்கள் காதுக்குப் போய்விட்டது. கச்சேரி நடந்தது. தபேலாக்காரர் ஒரே ஒரு தடவைதான் திரும்பினார். அதுவும் தண்ணீர் பாட்டிலுக்கு.

அடுத்த திங்கட்கிழமை ராத்திரி நிதானமாக பை 5 உள்ளே போனது. குமிழ்கள் பேச மூன்று ராத்திரி ஆனது. இப்போது பண்டல் 64. பியானோ, வயலின், கோரஸ் எல்லாம் ஒன்றாக வாசித்தாலும் மூச்சு வாங்கவில்லை. பழைய பை 4, அதே கார்டோடு, கச்சேரிப் பெட்டியில் ஸ்பேராக வருகிறது. என் கணக்கில் இந்த மாற்றத்தின் பெரிய லாபம் அந்த ஸ்பேர்தான். தேய்மானம் போட்டு பூஜ்யமாக்கிய சொத்து ஒன்று, மேடையில் மானத்தைக் காப்பாற்றக் காத்திருக்கிறது என்றால் எந்த ஆடிட்டர் ஆட்சேபிப்பார்?

ஆபீஸில் புது சாஃப்ட்வேரை மார்ச் 31-க்கு முந்தின வாரம் மாற்றச் சொல்லும் மேனேஜர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், ராயபுரத்து மெக்கானிக் கேட்ட கேள்வியை ஒருமுறை சத்தமாகப் படிக்கவும்.

நண்பர் இப்போது சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டேன்.

"ரொம்பங்ணா" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆமா, பை 6 எப்பங்ணா வரும்?"