புது கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ்: ஹார்டு டிஸ்க்கை அழிக்கும் முன் இதைக் கவனிங்க!

அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஒரு மெஷின் 15, 20 வருஷம் உழைக்கும். ஆனால் அதை இயக்கும் கம்ப்யூட்டர் அவ்வளவு நாள் தாங்காது. பழுதாகி புதுசு வாங்கினால், அதில் இருப்பது விண்டோஸ் 11. மெஷினோடு வந்த பழைய சாஃப்ட்வேர் அதில் ஓடாமல் போகலாம். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய பிரிண்டரை நம்பியிருக்கும் டிடிபி கடைகளுக்கும் இதே சிக்கல் வரலாம். உடனே தோன்றும் யோசனை: "ஃபார்மட் அடிச்சு பழைய விண்டோஸ் போட்டுடலாம்". போடலாம்தான். ஆனால் இழப்பு என்ன?

ஏன் அழிக்க வேண்டியிருக்கு?

பழைய விண்டோஸில் இருந்து புதியதுக்குப் போனால் ஃபைல்கள் அப்படியே இருக்கும். திரும்பி வர அந்த வசதி இல்லை. விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு அப்டேட் செய்தவர்கள் மட்டும், 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் உள்ள ரெக்கவரி பகுதிக்குப் போய் 'கோ பேக்' கொடுக்கலாம். வாங்கும்போதே விண்டோஸ் 11 இருந்த கம்ப்யூட்டருக்கு இது கிடையாது.

என்னவெல்லாம் போகும்?

டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் பொதுவாக சி டிரைவில்தான் இருக்கும். கணக்கு ஃபைல், ஜிஎஸ்டி ஆவணம், குடும்ப போட்டோ என அதில் உள்ள எல்லாமே போய்விடும். எல்லா பார்ட்டிஷனையும் நீக்கினால், கம்பெனி கொடுத்த ரெக்கவரி பகுதியும் காலி. பிட்லாக்கர் பூட்டு இருந்த டிஸ்க்கை அழித்துவிட்டால், டேட்டாவை மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

எந்த விண்டோஸ் போடலாம்?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. புது லேப்டாப்பின் எஸ்எஸ்டி-யைக்கூட அது அடையாளம் காணாமல் போகலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. லைசென்ஸும் முக்கியம். கம்ப்யூட்டரோடு விண்டோஸ் 11 ப்ரோ வந்திருந்தால் 10 ப்ரோவுக்கு இறங்க உரிமை உண்டு; ஹோம் பதிப்புக்கு இல்லை.

ஆபத்து என்ன?

2017 மே மாதம் 'வானாக்ரை' வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள்தான் சிக்கின. ஆதரவு முடிந்த விண்டோஸுக்கு அப்டேட்டே வராது. ஒரே கம்ப்யூட்டரில் மெஷினும் கணக்கும் ஓடும் சின்ன பட்டறையில், இப்படி ஒரு தாக்குதல் வந்தால் மொத்த வேலையும் நின்றுவிடும்.

வேற வழி இருக்கா?

இருக்கு. இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு, வேறொரு டிஸ்க்கில் பழைய விண்டோஸ் போடலாம். சரிப்பட்டு வராவிட்டால் பழைய டிஸ்க்கையே மாட்டிக்கொள்ளலாம். மெஷினுக்கு மட்டும் தனி கம்ப்யூட்டர் வைத்து, அதற்கு இன்டர்நெட் கொடுக்காமல் இருப்பது இன்னும் பாதுகாப்பு. டைப்பிங், பிரவுசிங் மட்டும்தான் என்றால் லினக்ஸ் போதும். 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளிடம் சொன்னது.

அழித்தே ஆகணும்னா?

எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுங்க. அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்க. பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் குறித்து வைங்க. சர்வீஸ் கடையில் கொடுத்தால், எந்த டிரைவை அழிக்கப் போறாங்கன்னு முதலிலேயே கேட்டுடுங்க.